மானியம் வந்தால் சாவி யார்கிட்ட?

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பா பேசினா பொறுத்துக்குங்க.

ஸ்ரீரங்கம் பக்கத்தில் கொள்ளிடக் கரையோரம் எங்க ஊர். பொதுக் கழிப்பறை கட்டின ஆறே மாசத்தில் மோட்டார் ரிப்பேர் ஆகி, பூட்டு விழுந்தது. மறுபடியும் இருட்டில் கரைக்குத்தான் போனோம். வயசுக்கு வந்த மகளைக் கூட்டிட்டுப் போய், யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டே நின்ன பயம் இன்னும் எனக்குப் போகல.

திருச்சி கல்மந்தைப் பெண்களும் இப்படிப் பட்டவங்கதான். 1987-ல் தொடங்கிய கிராமாலயா தொண்டு நிறுவனம், வாட்டர்எய்டு கொடுத்த நிதியோடு அங்கே வேலை செய்தது. 2002-ல், திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத குடிசைப் பகுதி என்று கல்மந்தை பேர் வாங்கியது. தொடங்கி வைத்தது மானியம். ஆனா பொதுக் கழிப்பறையைப் பார்த்துக்கிட்டது மகளிர் குழு. வர்றவங்க கொடுத்த சின்னக் கட்டணத்தை வசூலிச்சு, கணக்கு எழுதி, அதிலேயே பராமரிச்சாங்க.

நாமும் மானியம் கேட்டு மனு எழுதினா, கட்ட எவ்வளவு ஆகும்னு மட்டும் எழுத வேண்டாம். பல்பு போனா யார் மாத்துவாங்க, மோட்டாருக்குப் பணம் எதிலிருந்து வரும், சாவி யார்கிட்ட இருக்கும், எல்லாத்தையும் எழுதுவோம். மாசக் கூட்டத்தில் கடன் தவணை கேட்கிற மாதிரி இந்தக் கணக்கையும் கேட்போம். என் வீட்டுப் பங்கை நான் முதலில் தர்றேன்.