வாக்குக்காக வாங்கிய மண்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் உங்கள் முன் பேச வந்தது நான்கு மரவீடுகளைப் பற்றி. அவை நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் உள்ளன. அரண்மனையல்ல, கோட்டையல்ல, கூலி வேலை செய்தவர்கள் குடியிருந்த வீடுகள்.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827-இல் ஒழிந்தது. ஒழிந்ததே தவிர, வாக்குரிமை வந்ததா? 1821-இல் எழுதிய அரசியல் சட்டம், வெள்ளை ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதியை நீக்கிவிட்டு, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. நாள் கூலிக்காரனிடம் 250 டாலருக்குச் சொத்து எங்கே இருக்கும்? இந்த விதியை நீக்க 1846, 1860, 1869 என மூன்று முறை மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மூன்று முறையும் தோற்றது. 1870-இல் நாட்டின் அரசியல் சட்டத்தில் 15-ஆம் திருத்தம் வந்த பிறகே அது செத்தது. காகிதம் இல்லாவிட்டால் மனிதனே இல்லை என்று ஆகிவிடும் கதை, ரேஷன் அட்டைக்கு அலைந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

1838-இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர், அங்கே மனை வாங்கினார். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் வாங்கினார்கள். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதோடு, வாக்குச் சீட்டும் வேண்டும் என்பது கணக்கு. ஊருக்கு வீக்ஸ்வில் என்று பெயர் வந்தது. 1850-களில் 500 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயங்கள், பிறகு முதியோர் இல்லம், அனாதை இல்லம், சொந்தப் பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டார்கள். அந்த மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் சூசன் ஸ்மித் மெக்கினி இந்த ஊர்க்காரர்தான்.

1863 ஜூலையில், கட்டாய இராணுவச் சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய வெள்ளையர் கும்பல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மீது பாய்ந்தது. அவர்களுடைய குழந்தைகளின் அனாதை இல்லத்துக்கே தீ வைத்தது. தப்பி ஓடியவர்களில் பலர் வந்து ஒதுங்கிய இடம் வீக்ஸ்வில்.

பிறகு நகரம் வளர்ந்தது. நேர்நேராகத் தெருக்கள் போட்டார்கள். பழைய ஊர் அவற்றின் அடியில் மறைந்தது. பெயரைக்கூட மறந்தார்கள்.

1968-இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற வரலாற்று ஆய்வாளரும், விமானம் ஓட்டத் தெரிந்த ஜோசப் ஹேய்ன்ஸும் சிறு விமானத்தில் மேலே பறந்து பார்த்தார்கள். நேரான தெருக்களுக்கு நடுவே ஒரு துண்டுச் சந்து மட்டும் கோணலாகக் கிடந்தது. ஹண்டர்ஃப்ளை சாலை! அதன் ஓரத்தில் அந்த நான்கு வீடுகள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துக் கட்டிடங்களை 'குடிசை மாற்று' என்று இடித்துக்கொண்டிருந்தார்கள். இடிப்பு இயந்திரம் போன இடத்திலேயே மக்கள் மண்ணைத் தோண்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தோண்டினார்கள். தகரத் தகட்டில் பதிந்த ஒரு பெண்ணின் படம் கிடைத்தது. நல்ல உடை, நிமிர்ந்த பார்வை. யார் என்று இன்றுவரை தெரியவில்லை; வீக்ஸ்வில் அம்மையார் என்றே அழைக்கிறார்கள்.

எங்களைத் தொட்டது இதுதான்: அந்தப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், வீடுகளை இடிக்கக்கூடாது என்று அதிகாரிகள் முன் போய்ப் பேசினார்கள். 1970-இல் நகரம் அவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது. ஆனால் அறிவிப்புப் பலகை ஒழுகும் கூரையை அடைக்காது. அதற்குப் பணம் தேடி அலைந்தவர் ஜோன் மேனார்டு என்ற ஓவியர். பல ஆண்டுகள் அந்தப் பணிக்கே தம்மைக் கொடுத்தார். பழுது பார்த்த வீடுகள் 2005-இல் மீண்டும் திறக்கப்பட்டன.

2019-இல் கையில் காசில்லாமல் மூடும் நிலை வந்தது. 2 இலட்சம் டாலர் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். மக்கள் அதற்கு மேலேயே கொடுத்தார்கள். நகர நிர்வாகமும் அதே ஆண்டில், தான் நிதி கொடுக்கும் பண்பாட்டு நிறுவனங்களின் வரிசையில் அதைச் சேர்த்துக்கொண்டது.