ஒரு பரப்புக் காணியும் நாலு கருவியும்

(எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சித்திரை பிறந்தால் இலண்டனிலும் எங்கட ஆட்களுக்குக் கை துருதுருக்கும். கவுன்சிலிடம் அலொட்மென்ற் எடுத்தவர்கள், எடுப்பதற்குப் பெயர் பதிந்து காத்திருப்பவர்கள், வீட்டுப் பின்வளவில் இரண்டு பாத்தி போட நினைப்பவர்கள் என்று இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். கருவி வாங்கிக் காசைக் கரைக்காதையுங்கோ. நாலு கருவி போதும்.

"இதுவும் ஒரு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். நான் கண்டதைச் சொல்கிறேன். பங்குனியில் துண்டு கிடைக்கும். அடுத்த சனிக்கிழமையே பெரிய கடைக்குப் போய் ஒரு கார் நிறையச் சாமான் வாங்குவார்கள். முழுத் துண்டையும் ஒரே மூச்சில் கொத்துவார்கள். ஆடியில் இடுப்பளவு புல். பிறகு, காணி பராமரிக்கப்படவில்லை என்று கடிதம் வரும். துண்டு கைவிட்டுப் போகும். நட்டம் காசு மட்டும் இல்லை. ஆங்கிலம் பேச வராத ஒரு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, நாலு சுவருக்கு வெளியே போய்வர இருந்த ஒரே இடமும் போய்விடுகிறது.

முதலில் காணியின் அளவை விளங்கிக்கொள்வோம். இங்கே ஒரு முழு அலொட்மென்ற் துண்டு என்பது வழக்கமாகப் பத்துப் 'போல்'. போலும் பேர்ச்சும் ஒரே அளவுதான். பத்துப் பேர்ச் எங்கட ஊரில் என்ன? ஒரு பரப்பு! ஏறக்குறைய 250 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர் என்றால், இங்கும் 16 துண்டு ஒரு ஏக்கர். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பரப்புக்கு இந்தப் பரப்பு ஈடாகாது. ஆனால் அளவு தெரிந்த காணி. முடியாதவர்கள் அரைத் துண்டு கேளுங்கள். முதல் வருடம் அதிலும் கால்வாசியை மட்டும் திருத்துங்கள். மிச்சத்தைக் காட்போட் மட்டையால் மூடி, மேலே உக்கிய எருவைப் போட்டுவிட்டால் வெளிச்சம் இல்லாமல் புல் சாகும், மட்டை மண்ணோடு உக்கும். ஊரில் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்து மண்ணை வளப்படுத்தியவர்களுக்கு இது புதிசு இல்லை.

இனிக் கருவிகள்.

ஒன்று, ஃபோர்க் என்கிற நாலு முள்ளுக் கருவி. இலண்டனில் பல இடங்களில் களிமண். மண்வெட்டியை ஓங்கிக் கொத்தினால் இடுப்பு முறியும். ஃபோர்க்கைக் காலால் மிதித்து இறக்கிக் கிளப்பலாம். இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள கவுச் புல்லும், வெள்ளைப் பூப் பூக்கிற பைன்ட்வீட் கொடியும் வேர்த்துண்டில் இருந்தே முளைக்கும். வெட்டுகிற கருவியோ, வாடகைக்கு எடுக்கிற உழவு மெசினோ ஒரு வேரைப் பத்துத் துண்டாக்கும். ஒரு கொடி பத்துக் கொடியாகும். ஊரில் கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டினவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஃபோர்க்கால் கிளப்பி, கையால் வேரை முழுசாக இழுத்து எடுங்கோ.

இரண்டு, நீளப் பிடி போட்ட களைகொத்தி. ஹோ என்பார்கள். குனியத் தேவையில்லை. ஆழமாகக் கொத்தாமல், மேல் மண்ணோடு சீவிவிட வேண்டும். வெயிலும் காற்றும் உள்ள காலையில் சீவினால் சின்னக் களை அங்கேயே காய்ந்துவிடும். மழை நாளில் சீவினால் திரும்பவும் வேர் பிடிக்கும்.

மூன்று, கன்று நட ஒரு சின்ன மண்கரண்டி. நாலு, பூவாளி. துலாவில் இறைத்து வாய்க்காலால் பாய்ச்சியவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். ஆனாலும் நாள்தோறும் மேலால் தெளிப்பதை விட, மூன்று நாளைக்கு ஒருக்கால் அடியில் ஆழமாக ஊற்றுவதுதான் வேருக்கு நல்லது.

இவ்வளவும்தான். பாத்திக்கு நேர்கோடு பிடிக்க இரண்டு தடியும் ஒரு நூலும் போதும். கீரை வெட்ட வீட்டுக் கத்தரிக்கோல் போதும். ஃபோர்க்கை கார் பூட் சேலில் பழசாக வாங்குங்கள். பிடி ஆடாமல், முள் வளையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேலை முடிய மண்ணைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தடவிவிட்டால் பல வருடம் உழைக்கும்.

அவசரப்படவும் வேண்டாம். சித்திரையில் உருளைக்கிழங்கு நடலாம், பீற்றூட் விதைக்கலாம். வெங்காயத்துக்குச் சின்னக் குமிழ் விற்கிறார்கள். ஊரில் காய் வெங்காயம் நட்ட மாதிரி விரலால் ஊன்றிவிடலாம். பூசணி, போஞ்சி, மிளகாய்க் கன்றுகளுக்கு மே நடுப்பகுதி தாண்டட்டும். அதுவரை இரவில் உறைபனி விழக்கூடும். ஒரே இரவில் கன்று கருகிப் போகும். அதுவரை யன்னலோரத்தில் தயிர்க் கோப்பையில் நில்லட்டும்.

விளைந்ததை விற்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1922 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அலொட்மென்ற் தோட்டத்து விளைச்சல் முக்கியமாகக் குடும்பத்தின் சாப்பாட்டுக்கே. கூடினால் பக்கத்துத் துண்டுக்காரருக்கு ஒரு பிடி கீரை கொடுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் கீரை பேசும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தள்ளுவண்டி, வாள், ஏணி போன்றவை வருடத்தில் ஐந்தாறு நாள்தான் தேவைப்படும். அவற்றை வீட்டுக்கு வீடு வாங்காமல், சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்து, கொப்பியில் பெயர் எழுதி எடுத்துப் போகலாம். ஊரில் அலவாங்கு எல்லா வீட்டிலும் இருந்ததா? ஒரு வீட்டில் இருந்தது, ஒழுங்கை முழுக்கப் பாவித்தது.

எல்லோருடைய பாத்தியும் இந்த வருடம் நன்றாக முளைக்கட்டும்.