உலா செல்லும் மிதிவண்டியும் அதன் மூட்டை முடிச்சும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமும் அன்று, அரசியலும் அன்று. நம் காலனியில் வீட்டுக்கு வீடு தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கும் சைக்கிளைப் பற்றியே பேச விரும்புகின்றோம். வாங்கிய அன்று சந்தனம் குங்குமம் இட்டுப் பூச்சூட்டி வரவேற்ற வண்டி, ஆறு மாதத்திற்குள் ஈரத்துணி உலர்த்தும் கொடியாகி விடுவது ஏன்? சோம்பலே காரணம் என்பார் பலர். நாம் அதனை முழுதும் ஒப்புவதற்கில்லை. வண்டியை உலாவுக்கு ஏற்பச் சித்தம் செய்யாமையும், கொண்டு செல்லும் பொருளை முறையாகக் கட்டாமையுமே தலையாய காரணங்கள் என்பது நமது துணிபு.

உலா எதற்கு என்று முதலில் கேட்கலாம். நாம் பிழைக்க வந்த இம்மண்ணைப் பாருங்கள். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாறியது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையேயும் தமிழும் தெலுங்கும் அண்டை வீட்டாராக வாழும் நிலம் இது. எனினும் ஆண்டுகள் பல இங்கே கழித்தும் குவார்ட்டர்ஸ், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கடைத்தெரு ஆகிய நான்கினைத் தவிர வேறிடம் அறியாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பேருந்தில் செல்வோர் ஊரைக் கடந்து போகின்றனர். மெல்ல மிதித்துச் செல்வோர் வழியில் நின்று நாலு பேரிடம் பேசுகின்றனர். பேசினால் மொழி வரும். மொழி வந்தால் அந்நியம் அகலும்.

மிதிவண்டி முதலில் எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. முன்சக்கரம் மிகப் பெரிதாக இருந்த பழைய வண்டியில் ஏறுவதே ஆபத்து. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவுடையதாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடிய பின்னரே பெண்டிரும் முதியோரும் அச்சமின்றி ஏறலாயினர். நம் நாட்டில் 1949-இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கிலக் கம்பெனியோடு கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் அவர்கள் தொழிற்சாலை எழுந்தபின், ஹெர்குலிஸ் வண்டி தென்னாட்டுத் தெருக்களில் பழகிய பொருளாயிற்று.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைப் பலர் அறிவர். ஷீலாராணி சுங்கத் அம்மையார் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. கையிலிருந்த வண்டியைத் தம் வாழ்க்கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர் என்பதே நாம் அதில் கற்க வேண்டியது.

இனி நம் காலனிக்கு வருவோம். ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையார் சென்ற ஆண்டில்தான் சைக்கிள் பழகினார். திருச்சானூர்ச் சாலையில் காய்கறிப் பையை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தார். பை ஆடியது, அதன் காது முன்சக்கரக் கம்பிகளில் சிக்கியது, வண்டி நின்றது, அவர் வீழ்ந்தார். மணிக்கட்டில் முறிவு. எலும்பு கூடிவிட்டது. ஆனால் வீட்டார், "இந்த வயதில் இது எதற்கு?" என்று வண்டிக்குப் பூட்டுப் போட்டு விட்டனர். அன்பினால் செய்தனர், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் குற்றம் வயதிலன்று, வண்டியிலுமன்று, பையை மாட்டிய இடத்தில்!

ஆகவே வண்டியைச் சித்தம் செய்யும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, இருக்கை. வேகமாகச் செல்வோர்க்கு அது உயர்ந்திருக்கலாம். மெல்ல உலாவுவோர்க்கும் புதிதாகப் பழகுவோர்க்கும், அமர்ந்தபடியே இரு கால்விரல்களும் தரையில் ஊன்றும் உயரமே நன்று. நெரிசலில் நிற்கும்பொழுது அதுவே துணை.

இரண்டாவது, காற்று. உடலின் பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தின்மீது விழுகிறது. அதில் காற்று சற்றே மிகுதியாக வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் காற்று தானே இறங்கும். பழைய வகை வால்வாயின், உள்ளிருக்கும் சிறு ரப்பர்க்குழாய் வெயிலில் வெடித்திருக்கும். அதனை மாற்றுவதற்குச் சில்லறைக் காசே செலவு. பஞ்சர் என்று எண்ணி ட்யூபையே மாற்றுவோர் பலர்.

மூன்றாவது, காப்பு. செயினுக்கு மூடியும், பின்சக்கரத்தின் பக்கங்களில் சேலை சிக்காதிருக்க வலையும் இன்றியமையாதவை. முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிய பின்னரே ஏறுதல் வேண்டும். இரு பிரேக்குகளும் பிடிக்க வேண்டும். மணி ஒலிக்க வேண்டும்.

நான்காவது, விளக்கு. டைனமோ விளக்கு வண்டி நின்றால் அணைந்து விடும். ஆதலால் மின்கல விளக்கு ஒன்று முன்னும், சிவப்பு விளக்கு ஒன்று பின்னும் இருத்தல் நலம். கட்டிய மூட்டை பின்விளக்கை மறைக்கலாகாது.

இனி மூட்டை. பாரம் தாழ்ந்திருக்க வேண்டும், இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், ஆடாதிருக்க வேண்டும். இம்மூன்றே விதி. கேரியரின் இரு புறமும் தொங்கும் இரட்டைப்பையே சிறந்தது. கனமானவை அடியில், மெல்லியவை மேலே. முன்கூடையில் இரண்டு கிலோவுக்கு மேல் வைத்தால் ஹாண்டில் தன் போக்கில் திரும்பும். ஹாண்டில்பாரில் பையோ, குடையோ, தூக்குச் சட்டியோ மாட்டவே வேண்டா. கேரியரின்மேல் வைப்பதைக் கட்டுவதற்குப் பழைய ட்யூபைக் கிழித்த நாடாவைப் போன்றது வேறில்லை. இழுத்துக் கட்டினால் நழுவாது. அதன் நுனி தொங்காதபடி உள்ளே செருகிவிட வேண்டும். அந்த அம்மையாரின் பை இவ்வாறு பின்னே அமைந்திருந்தால் அவர் இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பார்.

கொண்டு செல்ல வேண்டியவை சிலவே: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, பூட்டு, கைப்பம்பு, ஸ்பானர், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ரப்பர் ஒட்டு, சொலூஷன், உப்புத்தாள், காயத்திற்குக் கட்டுத்துணி. ஒரு பொட்டலம் புளியோதரை இருந்தால் குழந்தைகள் மறுமுறையும் வர மறுக்க மாட்டார்கள்! கருவிகளை ஒரு துணியில் சுருட்டி அடியில் வைத்தால் சலசலப்பிராது.

எங்கே செல்வது? திருப்பதியில் இருப்போர் கபில தீர்த்தத்திற்கோ, சுமார் 5 கிலோமீட்டரில் உள்ள திருச்சானூருக்கோ செல்லலாம். யாத்திரிகர் வண்டிகள் பெருகுமுன், விடியற்காலையில் புறப்படுதல் வேண்டும். கால் பழகியபின் சந்திரகிரிக் கோட்டை வரை செல்லலாம். சித்தூரில் இருப்போர் கட்டமஞ்சி ஏரிப் பக்கமும், பழகிய பின்னர் காணிப்பாக்கம் பிள்ளையாரிடமும் செல்லலாம். கோடையில் வெயில் ஏறுமுன் வீடு திரும்புக.

இவ்விரு ஊர்களையும் பாகாலை வழியாக ரயில் பாதை இணைக்கிறது. வண்டியையும் உடன் கொண்டுபோக விரும்புவோர், அந்த ரயிலில் லக்கேஜ் ஏற்றும் வசதி உண்டா என்று முன்னதாகவே பார்சல் அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு செய்தல் வேண்டும். பம்பு, விளக்கு, பை ஆகியவற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்க. ஹாண்டிலிலும் பெடலிலும் சாக்குத்துணி சுற்றுக. பெயரும், சேர வேண்டிய நிலையமும் எழுதிய சீட்டை இரண்டு இடங்களில் கட்டுக. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று பேசும்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். நம் சங்க அறையில் ஒரு நல்ல பம்பும், ஒரு செட் ஸ்பானரும், ஒட்டுப்போடும் சாமான்களும் வாங்கி வைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அவரவர் வண்டியை அங்கே கொணர்ந்து பழுது நீக்குவோம். இளைஞர்கள் தாய்மார்களுக்குப் பை கட்டக் கற்றுக் கொடுக்கட்டும். அதன்பின் அனைவரும் ஒன்றாகத் திருச்சானூர் வரை மெல்லச் சென்று வருவோம். பூட்டிய வண்டி எந்த வீட்டில் இருந்தாலும், அந்த ஞாயிறன்று அதன் சாவியை எடுத்துத் தருமாறு வீட்டாரை அன்புடன் வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!