முதுமையும் உரிமையும்



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துப் பழவங்காடி என்னும் இடம் உள்ளது. அங்குள்ள கணபதி கோயில் பெயர் பெற்றது. முற்காலத்தில் திருவிதாங்கூர்ப் படைவீரர் வழிபட்டு வந்த அக்கோயிலை இன்று இந்தியத் தரைப்படையினர் பேணி வருகின்றனர். தேர்வு எழுதச் செல்லும் மாணவர், புதுக்கடை திறக்கும் வணிகர், வேலையில் சேரும் இளைஞர் எனப் பலரும் அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத் தம் செயலைத் தொடங்குவர். அக்கூட்டத்தில் முதியோரும் உளர், தமிழரும் உளர்.

அக்கோயிலின் முன் ஒருநாள் காலையில் ஒரு பெரியவரோடு உரையாடும் வாய்ப்புப் பெற்றோம். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்த பின்னர் மகன் வீட்டிற்கு வந்திருப்பவர். "இந்த ஊர் எப்படி இருக்கிறது, ஐயா?" என்று வினவினோம்.

"குறை ஒன்றும் இல்லை. வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து. மருமகளும் நல்ல பெண். ஆனால், முப்பத்தைந்து ஆண்டுகள் கேள்வி கேட்டும் விடை சொல்லியும் வாழ்ந்தவன் நான். இன்று வீட்டில் என்னை நோக்கி வரும் கேள்வி ஒன்றே ஒன்று: 'சாப்பிட்டீர்களா?' என்பது" என்றார்.

அவர் எவர் மீதும் குறை கூறவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆயினும் அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. அந்த வீட்டில் அன்பு குறைவு என்று கூற இயலாது. பின் குறைந்தது யாது?

அதற்கு விடை நம் மொழியிலேயே இருக்கிறது. 'கிழவன்' என்ற சொல்லை இன்று நாம் இகழ்ச்சியாக வழங்குகிறோம். ஆனால் பழந்தமிழில் அச்சொல் 'உரியவன்' எனப் பொருள்பட்டது. கிழமை என்றால் உரிமை. தொல்காப்பியம் அகப்பொருள் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே குறிக்கிறது. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் புலவர் பெயர்களிலும் அதுவே விளங்குகிறது. நிலம் உடையோரை நிலக்கிழார் என்று இன்றும் சொல்கிறோம். உரிமை உடையவன் என்ற பொருள் தேய்ந்து, வயது முதிர்ந்தவன் என்ற பொருள் மட்டுமே அச்சொல்லில் எஞ்சிற்று. சொல்லுக்கு நேர்ந்ததே மனிதருக்கும் நேர்ந்துவிட்டது. முதியோரின் காலில் விழுந்து வணங்குகிறோம். எழுந்தவுடன் அவர்களுடைய உரிமைகளை ஒவ்வொன்றாக நம் கையில் எடுத்துக்கொள்கிறோம். "உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை? பேசாமல் இருங்கள்" என்கிறோம். பரிவாகச் சொல்லும் அச்சொல்லே அவர்களை வீட்டின் ஓர் மூலையில் உட்கார வைத்துவிடுகிறது.

இது ஒரு வீட்டின் செய்தி அன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 பேர். கேரளத்தில் 12.6 பேர்; மாநிலங்களுள் அதுவே மிகுதி. தமிழகத்தில் 10.4 பேர். மக்கள் நெடுநாள் வாழ்வதும், குழந்தைகள் குறைவாகப் பிறப்பதும், இளையோர் தொழில் தேடி வெளியூர் செல்வதும் இதற்குக் காரணங்கள். கேரளம் இன்று நிற்கும் படியில் தமிழகம் நாளை நிற்கும். கேரளம் இதனை உணர்ந்து சில நற்செயல்களைச் செய்திருக்கிறது. தீரா நோயுற்றோரின் துன்பம் தணிக்கும் மருத்துவத்திற்கென 2008-இல் அம்மாநில அரசு தனிக் கொள்கை வகுத்தது. செவிலியர் வீடு தேடிச் சென்று படுக்கையில் கிடப்போரைப் பேணும் முறை ஊர்தோறும் பரவியது. இது போற்றத்தக்கது. ஆயினும் நடமாடும் வலிமையும் தெளிந்த அறிவும் உள்ள முதியவருக்குத் தேவை செவிலியர் அன்று. செய்வதற்கு ஒரு பணியும், சொல்வதற்கு ஓர் இடமும் ஆகும்.

வயது ஏறினால் ஆற்றல் முடிந்தது என்று கருதுவோர் பழவங்காடியிலிருந்து சற்றே நடந்து சாலைக் கடைத்தெருவிற்குச் செல்ல வேண்டும். அங்கே கடை நடத்திக்கொண்டே தமிழில் கதைகள் எழுதியவர் ஆ. மாதவன். 1934-இல் பிறந்து 2021-இல் மறைந்த அவருக்கு, 'இலக்கியச் சுவடுகள்' என்னும் நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது 2015-இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 81. இதே நகரில் வாழ்ந்து எழுதிய நீல பத்மநாபன் 1938-இல் பிறந்தவர். முதுமையைப் பொருளாகக் கொண்ட 'இலையுதிர் காலம்' என்னும் புதினத்திற்காக 2007-இல், தம் 69-ஆம் வயதில், அவர் அவ்விருதினைப் பெற்றார். இருவரும் தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்து தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள். எல்லா முதியோரும் எழுத்தாளர் ஆக இயலாது. ஆனால், தமக்கு உரிய பணியைக் கைவிடாதவரை முதுமை எவரையும் வெறுமையாக்குவதில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனியான பொறுப்பு ஒன்று உண்டு. 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது திருவனந்தபுரத்துத் தமிழர் பலர், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே வேற்று மாநிலத்தவர் ஆயினர். அவர்களுக்கு ஊரும் தெருவும் பழகியவை. நாமோ பெற்றோரை முதுமையில் வேரோடு பெயர்த்து நம் ஊருக்கு அழைத்து வருகிறோம். நூறு நூல்களைக் கற்ற ஆசிரியர், பேருந்தின் பெயர்ப்பலகைக்கு முன் எழுத்தறியாதவர் ஆகிறார். மருத்துவரிடம் தம் வலியைத் தாமே சொல்ல இயலாமல் மகனின் முகத்தைப் பார்க்கிறார். மகன் இரண்டு சொற்களில் மருத்துவரிடம் சொல்லி முடித்துவிடுகிறான். தந்தை சொல்ல நினைத்தது சொல்லப்படாமலே போகிறது. அங்கே நாம் ஒரு நொடி பொறுத்து, "நீங்களே சொல்லுங்கள், அப்பா, நான் அவருக்கு எடுத்துச் சொல்கிறேன்" என்று கூறலாம் அல்லவா?

உரிமையைக் காக்கச் சட்டமும் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பராமரிப்புக்கென நாடாளுமன்றம் 2007-இல் ஒரு சட்டம் இயற்றியது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோர், வளர்ந்த பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரி அதற்கென அமைந்த தீர்ப்பாயத்தை அணுகலாம். தாம் வாழும் மாவட்டத்தில் மட்டுமன்றிப் பிள்ளைகள் வாழும் மாவட்டத்திலும் முறையிடலாம். தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த முதியவர், பேணப்படாவிடின் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. இதனை முதியோர் அறிந்திருத்தல் நன்று. ஆனால் சட்டம் சோறு வாங்கித் தரும். சொல்லுக்கு மதிப்பை வாங்கித் தராது. அதைத் தர வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே.

நாம் செய்யத்தக்கவை பெரியன அல்ல. வீட்டுச் செய்திகளில் அவர்களிடம் கருத்துக் கேட்போம். கேட்ட கருத்தை எப்போதும் ஏற்க வேண்டும் என்பதில்லை, கேட்பதே மதிப்பு. அவர்கள் செய்யக்கூடிய வேலையைப் பரிவு என்ற பெயரால் பறிக்காதிருப்போம். அவர்கள் கையில் சிறிது பணம் இருக்கச் செய்து, அதற்குக் கணக்குக் கேளாதிருப்போம். தமிழ் பேசுவோர் கூடும் சங்கத்திற்கும் கோயிலுக்கும் அவர்கள் தாமே சென்று வரும் வழியைக் காட்டிக் கொடுப்போம்.

சில திங்கள் கழித்து அந்தப் பெரியவரை அதே கோயிலின் முன் மீண்டும் கண்டோம். இம்முறை ஏழு வயதுப் பெயர்த்தி ஒருத்தி உடன் வந்திருந்தாள். அவள் பள்ளியில் தமிழ் இல்லை; எழுத்துக் கற்பிக்குமாறு மருமகளே அவரிடம் கேட்டுக்கொண்டாராம். "ழகரம் இன்னும் நாவுக்கு வரவில்லை. வந்துவிடும்" என்று கூறிவிட்டு, அவர் அச்சிறுமியின் கையைப் பற்றிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

வேற்று மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும்; நம் பெற்றோருக்குப் பணி வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று அறியாமல் காத்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைக்க, "இதைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன், அப்பா" என்ற ஒரு சொல் போதும். இன்றே அதைக் கேட்போம்.