பிடிமண்: ஊர் எல்லையிலிருந்து நகரச் சுவர் வரை



'பொதுக்கலை' என்னும் சொல் இன்று நகர நிருவாகத்தின் அறிக்கைகளிலும் நாளேடுகளிலும் மிகுதியாக வழங்கி வருகின்றது. மேம்பாலத் தூண்களில் ஓவியம் தீட்டுதல், சாலைச் சந்திப்புகளில் சிற்பம் நிறுவுதல், பள்ளிச் சுவர்களில் வண்ணம் பூசுதல் ஆகிய அனைத்தும் இச்சொல்லாலேயே சுட்டப்பெறுகின்றன. இவையெல்லாம் பொது இடத்தில் நிற்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால், பொது இடத்தில் நிற்பதாலேயே ஒரு படைப்பு மக்களுடையது ஆகிவிடுமா என்பது ஆராயத்தக்கது. விளம்பரப் பலகையும் பொது இடத்தில்தான் நிற்கின்றது.

இதற்கு விடைதேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களின் எல்லையில், கண்மாய்க் கரையில், மரநிழலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளிடமிருந்தே தொடங்கலாம்.

அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்று ஊர் முடிவு செய்தபின் முதலில் நிகழ்வது பிடிமண் கொடுத்தல். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஊர்மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து வேளார் கையில் கொடுப்பர். அதனைப் பெற்ற பிறகே வேளார் வேலையைத் தொடங்குவார். அந்த மண் குதிரைக்குரிய களிமண்ணோடு கலக்கப்பெறும். எடைபோட்டுப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஆளுயரத்திற்கு மேற்பட்ட குதிரைக்குக் கண்மாய் மண் வண்டிக்கணக்கில் வேண்டும். எனினும் அந்த ஒரு பிடி இன்றித் தொடங்கினால் உருவாவது பொம்மையே அன்றிப் புரவி அன்று.

பின்னர் வேளாரின் கைத்திறன் தொடங்குகின்றது. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவர். முதலில் நான்கு கால்கள் எழும். அவை ஈரம் வற்றி இறுகிய பின்னரே வயிறு ஏறும். அதன்மேல் கழுத்து, தலை, பிடரி, மணிமாலை. உட்புறம் கூடாகவே இருக்கும். சூடு சீராகப் பரவவும் சூளையில் வெடிக்காதிருக்கவும் உடலில் துளைகள் விடப்பெறும். வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கிச் சுடுவர். வேளாரின் பொறுமைக்கும் மண்ணின் பொறுமைக்கும் இடையே நடைபெறும் இப்பணியில் அவசரத்திற்கு இடமில்லை. கால் காயுமுன் வயிற்றை ஏற்றினால் குதிரை அமர்ந்துவிடும்!

எடுப்பு நாளில் ஊரார் வேளார் தெருவுக்கு வருவர். மாலை சூட்டி, கண் திறந்து, தோள்கொடுத்துக் குதிரைகளைச் சுமந்து கோயிலுக்குச் செல்வர். அங்கே முந்தைய ஆண்டுகளின் குதிரைகள் நிற்கும். புதியவை வந்தன என்பதற்காகப் பழையவை அகற்றப்படுவதில்லை. அவற்றைப் பழுது பார்ப்பதும் இல்லை. மழையில் காது உதிரும், கால் முறியும், மெல்ல மெல்ல மண் மண்ணோடு சேரும். எனவே ஊர் மீண்டும் கூடவேண்டும், மீண்டும் பிடிமண் கொடுக்கவேண்டும். அழியக்கூடியது என்பதாலேயே இக்கலை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கேட்டுப் பெறப்படுகின்றது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் 33 அடி உயரக் குதிரைச் சிலை ஒன்று நிலையாக நிற்கின்றது. ஆங்கும் மாசிமகத்தன்று மக்கள் கொண்டுவந்து சாத்தும் காகிதப்பூ மாலைகளில் குதிரையே மறைந்துவிடும். நிலையான சிலையையும் மக்கள் ஆண்டுதோறும் தம் கையால் ஒருமுறை செய்துகொள்கின்றனர் போலும்.

தமிழ்மரபு இதனை நெடுங்காலமாக அறியும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குக் கூறும் துறைகள் ஆறு: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைக் காண்பது, அதனைக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என இவையெல்லாம் கூட்டத்தின் செயல்கள். உளியின் வேலைக்கென நூற்பாவில் தனித் துறை பிரிக்கப்படவில்லை. இது சிற்பியை இழித்ததாகாது. கல் நடுகல் ஆவது சிற்பியின் கையில் மட்டும் அன்று என்பதே இதன் கருத்து எனலாம். இளங்கோவடிகளும் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என இத்துறைகளையே பெயர்களாகக் கொண்டார். தமிழகத் தொல்லியல் துறை 2023இல் அகழாய்வு தொடங்கிய பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் முன்னரே கிடைத்திருப்பதால், இம்மாவட்டத்தார்க்கு இது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று.

இவ்வளவும் கூறியபின் ஒரு வினாவை ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது. ஊர் பிடிமண் கொடுக்கின்றது என்கிறோமே, எந்த ஊர்?

அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. அதனை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு அவர்களிடம் அம்மக்கள் மற்றொன்றையும் கூறினர். அருகிலுள்ள இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் அனுமதிக்கப்பட்டதில்லை என்றனர். அன்றே அவர்களை ஆட்சியர் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். காவல் கண்காணிப்பாளரும் உடனிருந்தார். நாடறிந்த செய்தி இது. இறையூரில் மட்டும் உள்ள வழக்கம் என்று இதனை எவரும் ஆறுதல் கொள்ள முடியாது. புரவி எடுப்பில் முதல் மரியாதை யாருக்கு, குதிரை எந்தத் தெரு வழியே செல்லும், எந்தத் தெருவுக்குள் செல்லாது என்பன ஊர்தோறும் வழக்காகவும் பூசலாகவும் இருந்து வருவதை அவையோர் அறிவர். பிடிமண் தட்டின் அருகே பெண்டிர்க்கு எத்தனை இடம் என்பதும் சொல்லித் தெரியவேண்டியதன்று. நாட்டார் கலையைப் போற்றி எழுதும் கட்டுரைகளில் இப்பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. 'கூட்டுப் படைப்பு' என்னும் சொல்லாட்சி அழகியது. அதனாலேயே அது பலவற்றை மறைக்க வல்லது.

ஆகவே நகரத்தார் இம்மரபிலிருந்து கொள்ளத்தக்கது குதிரையின் வடிவம் அன்று. மண் கொடுக்கும் முறையைக் கொள்ளலாம். அதனையும் எல்லாக் கைகளுக்கும் திறந்துவிட்டே கொள்ளவேண்டும். அவ்வாறு திறந்துவிட்ட காலம் ஒன்று புதுக்கோட்டைக்கு உண்டு.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலாராணி சுங்கத் அவர்கள் அப்போது மாவட்ட ஆட்சியர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் ஊர்தோறும் சென்றனர். எழுத்தறிவு என்பது கரும்பலகையில் தொடங்கும் என்றே பலரும் எண்ணியிருக்க, அது பாட்டிலும் வீதி நாடகத்திலும் தொடங்கியது. கலைக்குழுவினர் அரிக்கேன் விளக்கொளியிலும் தெருவிளக்கின் கீழும் ஆடிப்பாடினர். பெண்கள் மிதிவண்டி கற்பது அவ்வியக்கத்தின் ஒரு கூறாயிற்று. கல்குவாரியில் கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் மிதிவண்டியில் ஏறினர். கவிஞர் முத்துபாஸ்கரன் மிதிவண்டிக்கென ஒரு பாட்டு எழுதினார். அப்பாட்டு நூலில் அச்சாகிப் பரவியதன்று, வாயால் பரவியது. தங்கையை விளித்துச் சொல்லும் நேரிய சொற்கள், ஓட்டத்திற்கு இசைந்த சந்தம், இவற்றுக்கு மேல் அதில் அணிநயம் தேடுவார் ஏமாறுவர். அது ஒரு கைப்பிடி. பிடித்துக்கொண்டு ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள்.

1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு, புதுக்கோட்டை நகருக்குள் மிதிவண்டிகளில் வந்தனர். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் சேஷையா சாஸ்திரி நேர்நேராக அமைத்த வீதிகள் மன்னர் ஊர்வலங்களைக் கண்டவை. அன்று கண்டது வேறு. சுவரில் ஓர் ஓவியமும் இல்லை, பீடத்தில் ஒரு சிலையும் இல்லை. ஆயினும் இந்நகரம் கண்ட மிகப் பெரிய பொதுக்கலை எது என்று கேட்டால் அந்த ஊர்வலத்தையே சொல்லவேண்டும். 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இயக்கத்தின் வேகம் பின்னர்த் தளர்ந்தது. மிதிவண்டி ஓட்டும் பழக்கம் தளரவில்லை.

கவிஞரின் இடம் இதில் யாது என்பதற்குக் கடல்கடந்த சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1967 ஆகஸ்டு 15 அன்று, நகர மேயரின் ஏற்பாட்டில், பிக்காசோ வடிவமைத்த ஐம்பது அடி உயர எஃகுச் சிற்பம் திறந்துவைக்கப்பட்டது. அவ்விழாவில் கவிதை படிக்க அழைக்கப்பட்டவர் கறுப்பினக் கவிஞர் க்வென்டலின் புரூக்ஸ். பன்னிரண்டு நாள் கழித்து, அதே நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் வறிய தெரு ஒன்றில், அவர் மற்றொரு கவிதையையும் படித்தார். அங்கே ஓவியர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் ஒன்றுகூடிப் பழைய கட்டடத்தின் சுவரில் தம் இனத்து எழுத்தாளர், இசைவாணர், விளையாட்டு வீரர், தலைவர் ஆகியோரின் உருவங்களைத் தீட்டியிருந்தனர். 'மதிப்பின் சுவர்' என்பது அதன் பெயர். அமிரி பராக்காவின் கவிதை ஒன்றும் அச்சுவரிலேயே எழுதப்பெற்றிருந்தது. தெருவாசிகள் கூடி நின்று தம் சுவரைக் கண்டனர்.

புரூக்ஸ் இவ்விரு கவிதைகளையும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து வைத்துத் தம் தொகுதியில் வெளியிட்டார். முதற்கவிதையில் கலையின் முன் மனிதர் கொள்ளும் தயக்கமும் தொலைவும் பேசப்படுகின்றன. இரண்டாவதில் தொலைவு இல்லை. கவிஞர் கூட்டத்தின் நடுவில் நிற்கின்றார். பிக்காசோவின் சிற்பம் இன்றும் நிற்கின்றது. சுவர் 1971இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் இடிக்கப்பட்டது. அழிந்த அச்சுவரைக் கண்டுதான் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மக்கள் சுவரோவியங்கள் எழுந்தன என்பது கலை வரலாற்றார் ஒப்பும் செய்தி.

சென்னையில் கூவம் முதலிய இடங்களின் கரையிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில், 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் பேரோவியங்கள் தீட்டப்பெற்றன. ஓவியர்கள் திறமுடையவர்கள்; அப்பகுதிச் சிறுமியரின் சிரித்த முகமும் ஒரு சுவரில் இடம்பெற்றது. முகவரி சொல்லக் கூசிய இளைஞர்க்கு அது சிறிது நிமிர்வு தந்திருக்கும் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் வீட்டை இழந்து அங்கு வருவதற்கு அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. கேளாமல் கட்டிய சுவரில் பின்னர் வரையும் ஓவியம் எத்துணை அழகியதாயினும், முதலில் கொடுக்கவேண்டிய பிடிமண்ணை ஈடுசெய்வதன்று. அரசவையில் நீதி கேட்டவளின் பெயரையே அந்நகர்க்குச் சூட்டியிருக்கின்றனர்.

புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆயிற்று. புதிய மாநகராட்சிக்குப் புதிய சுவர்களும் வரும், அவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளிகளும் வரும். சித்தன்னவாசல் தாமரைத் தடாகமும், திருமயம் கோட்டையும், மண்குதிரையும் அச்சுவர்களில் வரையப்படும் என்பதை ஊகிக்கப் பெரும்புலமை வேண்டா. அவை வரையத்தகாதவை அல்ல. வேளார் தெருவில் சூளை அணைந்திருக்கையில், மேம்பாலத் தூணில் நெகிழிச் சாயத்தால் மண்குதிரை வரைவது மட்டும் சிறிது நெருடுகின்றது. அத்தொகையில் ஒரு பங்கைக் கொண்டு மண்குதிரையையே செய்விக்கலாம். வேளாரைப் பொறுத்தவரை நெடுநாள் இடர் மண் எடுப்பதற்கான இசைவில் இருந்தது. கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே இசைவளிக்கும் ஏற்பாடு 2024இல் வந்துள்ளது. வேளார்க்கு இனி வேண்டியது கேட்டு வரும் கைகள்.

கேட்பதற்கான அவையும் இன்று சட்டப்படி உண்டு. நகரப் பகுதிகளில் கிராம சபையைப் போன்ற பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடைபெறத் தொடங்கின. தெருவிளக்கும் சாக்கடையும் அங்கே பேசப்படுகின்றன, சுவரும் பேசப்படலாம். ஒரு பகுதியின் சுவரில் எதை வரைவது, யார் பெயரை எழுதுவது, எதை எழுதக்கூடாது என்பதை அப்பகுதி மக்கள் கூடி உரைத்த பிறகே ஓவியர் தூரிகை எடுக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவதற்குத் தடையொன்றும் இல்லை. அக்கூட்டத்தில் முதற்சொல் யாருக்கு என்பதில்தான் பழைய பூசல் மீண்டும் தலைகாட்டும். அதனால் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பின் சுவரிலிருந்து தொடங்குதல் தகும்.

இலக்கிய வட்டத்தில் பாட்டுக் கட்டத் தெரிந்தவர் பலர் இருக்கின்றனர். அடுத்த பகுதி சபைக் கூட்டத்திற்கு முன், அக்குடியிருப்பில் மாலைவேளைகளில் சென்று அமர்ந்து, அங்குள்ளோர் சொல்வதைக் கேட்டு எழுதி, அவர்களிடமே படித்துக்காட்டித் திருத்திக்கொள்ள இருவர் மூவர் முன்வரவேண்டும். அவர்களின் பெயர்களை வட்டத்தின் செயலாளர் இன்றே குறித்துக்கொள்ளலாம்.