ஆயிரம் மணி நேரம் என்றால் என்ன?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "அண்ணா, ஐராட்டா லெவல் 1 முடிச்சாச்சு. லெவல் 2 சீக்கிரம் வாங்க ஏதாவது வழி இருக்கா?" இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

புதுசா கேட்கிறவங்களுக்கு முதலில் அடிப்படையைச் சொல்லிடறேன். ஐராட்டா என்பது கயிற்றில் தொங்கி வேலை செய்யும் தொழிலுக்கான அமைப்பு. 1980களின் இறுதியில் பிரிட்டனில் தொடங்கியது. மலையேறுகிறவர்களும் குகைக்குள் இறங்குகிறவர்களும் பயன்படுத்திய கயிற்று முறைகள், கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் பராமரிப்புக்கு வந்தன. ஒரு ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்று வேலைக்கு, இன்னொன்று காப்புக்கு.

லெவல் மொத்தம் மூன்று. 18 வயது ஆகியிருந்தால் போதும், முன் அனுபவம் இல்லாமலே லெவல் 1-இல் சேரலாம். குறைந்தது 4 நாள் பயிற்சி, அப்புறம் தேர்வு. சொல்லிக்கொடுத்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் தேர்வு எடுக்க முடியாது, வெளியாள்தான் வருவார். லெவல் 2-க்குப் போக 12 மாதமும் 1,000 மணி நேரமும் வேண்டும். அங்கிருந்து லெவல் 3-க்கு இன்னொரு 12 மாதம், இன்னொரு 1,000 மணி நேரம், கூடவே முதலுதவிச் சான்றிதழ். லெவல் 3 ஆள்தான் தளத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. எந்த லெவலாக இருந்தாலும் 3 வருடத்துக்கு ஒரு முறை மறுபடி தேர்வு உண்டு.

இப்போ என் கதைக்கு வரேன். அபுதாபியில் ஒரு கண்ணாடிக் கட்டடம். நான் லெவல் 1. பத்து மணி நேர ஷிஃப்ட் முடிந்ததும் லாக்புக்கில் 10 என்று எழுதி நீட்டினேன். எங்கள் லெவல் 3 நாகர்கோவில்காரர். அதை அடித்துவிட்டு 5 என்று எழுதினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. லெவல் 2 ஆனால் சம்பளம் கூடும், ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கிறது. "என்னண்ணே, பாதியைக் காணோம்?"னு கேட்டேன்.

"டீ குடிச்சது, லிஃப்ட்டுக்கு நின்னது எல்லாம் சேராது தம்பி. கயிறு கட்டுறது, கழட்டுறது சேரும். மணி நேரம் வேணும்னா காலையில சீக்கிரம் மாடிக்கு வா."

மணி நேரத்துக்காகத்தான் போனேன். ஆங்கரை எங்கே போடுவது, கயிறு விளிம்பில் உரசாமல் எப்படித் திருப்புவது, மேலிருந்தே ஒருவரை இறக்குகிற மாதிரி எப்படிக் கட்டுவது எல்லாம் அங்கேதான் பழகினேன். லெவல் 2 தேர்வில் கேட்பதும் இதைத்தான். ஆனா எனக்கு நாலு மாதம் தாமதம். அறையில் சிலர் சிரித்தார்கள். "ஏஜென்ட்கிட்ட கொடு, ரொப்பித் தருவான்" என்றார்கள்.

லெவல் 2 வாங்கிய அடுத்த கோடையில், ஒரு காலை, என் பக்கத்துக் கயிற்றில் இருந்த பையன் பேச்சை நிறுத்தினான். வெயில் மயக்கம். ஹார்னெஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கும், உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அண்ணன் மேலே இருந்து சொல்லச் சொல்ல, நான் அவன் கயிற்றுக்கு மாறி, அவனை என்னோடு கோர்த்து, இருவர் எடையையும் ஒரே டிசென்டரில் தாங்கி இறக்கினேன். தரையில் கால் பட்டதும் கண்ணைத் திறந்தான்.

அப்போ என் கை யோசிக்கவே இல்லை. அடித்துப்போட்ட அந்த 5 மணி நேரம் எனக்கு விளங்கினது அன்னைக்குத்தான்.

அதனால தம்பிகளே, சீக்கிர வழி கிடையாது. தினமும் ராத்திரி லாக்புக் எழுதுங்க. என்ன வேலை, எத்தனை மணி நேரம்னு உள்ளதை மட்டும் எழுதி, லெவல் 3-கிட்ட கையெழுத்து வாங்குங்க. ஒரே மாதிரி ஜன்னல் துடைத்தே 1,000 மணி நேரத்தையும் ஓட்டிடாதீங்க, கயிறு கட்டுற இடத்துல போய் நில்லுங்க. பொய்யா ரொப்பின லாக்புக் தேர்வாளரை ஏமாத்தலாம். ஆனா பக்கத்துக் கயிற்றில் தொங்குறவன் அந்த நம்பரை நம்பித்தான் காலையில் கட்டடத்தை விட்டு வெளியே காலை வைக்கிறான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். பத்திரமா இறங்குங்க.