பிடியரிசியும் பள்ளிப்பிள்ளையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஏழைச் சிறுவர்க்கு வித்தியாதானம் செய்யப் பெருந்தனவந்தர் முன்வரவேண்டுமென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். விருதுநகரத்தார் அவ்வாறு காத்திருந்தாரல்லர். 1889-ஆம் ஆண்டு அங்கே தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலைக்கென வீடுதோறும், உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தனர். அதன் பயனாய்ப் பிள்ளைகள் சம்பளமின்றிக் கற்றனர். நன்கொடைப் பட்டியலில் ஆடவர் பெயரே அச்சாகிறது. அரிசி எடுத்துவைத்த கை யாருடையதென்பதைச் சகோதரிகள் அறிவர்.

அப்பள்ளியிற் பயின்றவரே காமராஜர். இளமையிலே தந்தையை இழந்த அவர் ஆறாம் வகுப்போடு நின்றார். சம்பளமில்லாப் பள்ளியையும் ஒரு பிள்ளை விட்டுப் போவானேன்? வீட்டிற் சம்பாதிப்பவர் இல்லாமையாலன்றோ! முதலமைச்சராய் அவர் 1956-இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம் பிள்ளையின் பசியைத் தீர்த்தது. தாயின் கடனைத் தீர்ப்பது அதன் வேலையன்று.

நமது சங்கத்தின் உபகாரச் சம்பளமோ கல்லூரி மாணவர்க்கே செல்கிறது. தந்தையற்ற சிறுவன் அதற்கு விண்ணப்பிக்கும் வயதை எய்துமுன்னரே கடைச் சிப்பந்தியாகிவிடுகிறான். ஆகவே, வரும் ஆண்டின் கல்வி நிதியிற் பாதியை, அத்தகைய பிள்ளைகள் பள்ளியில் இருக்குமளவும், மாதந்தோறும் தாயார் கையிற் கொடுக்கவேண்டுமென்று பிரேரணை செய்கிறோம். அயலார் பிள்ளைகளும் இதில் அடங்குவர். ஆட்சேபமுள்ளோர் இப்போதே எழுந்து கூறலாம்.